தோட்டம் ஊராகும் காலம்

"உங்கள் ஊர் எது?" என்பது மிகவும் எளிய கேள்வி. ஆயினும் மலையகத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று தலைமுறையினரிடம் இதனைக் கேட்டால் மூன்று விதமான விடைகள் கிடைக்கும். முதுமையெய்திய அப்பாயி, தாம் கண்ணாற் கண்டிராத திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய சீமைகளிலுள்ள ஏதோவொரு கிராமத்தின் பெயரைச் சொல்லுவார். அவருடைய மகன், தாம் வேலை செய்யும் தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் சொல்லுவார். பேரப்பிள்ளையோ, அண்மையிற் பெயரிடப்பட்ட ஒரு புதுக் குடியிருப்பின் பெயரைச் சிறிது பெருமையோடு கூறும். இம் மூன்று விடைகளுக்குள்ளே இரு நூறு ஆண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

தேயிலைத் தோட்டம் ஒரு வேலைத்தலம். அங்கே குடியிருப்பும் வேலையோடு சேர்ந்ததாகவே இருந்துவந்தது. ஊர் என்பதோ வேறு. வேலை முடிந்த பின்னரும், வேலையை விட்ட பின்னரும், நமக்கு உரியதாய் நிற்பது ஊர். அத்தகைய ஊர்கள் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை, பூண்டுலோயா ஆகிய பகுதிகளிலே இப்பொழுது ஒன்றொன்றாக உருவாகி வருகின்றன. அவற்றில் குடிபுகுவதும், அவற்றைச் சுற்றிப்பார்த்து அறிந்துகொள்வதும் எத்தகைய அனுபவம் என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மலைமுகட்டில் ஒரு நகரம்

புதிய ஊர்களைக் காணுமுன், அவற்றுக்கெல்லாம் சந்தையாகவும் வாசலாகவும் விளங்கும் ஹட்டன் நகரை ஒருமுறை வலம் வருதல் நன்று.

கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் அமைந்தது ஹட்டன். ஸ்கொத்லாந்து தேசத்திலுள்ள ஒரு சிறு கிராமத்தின் பெயர் கடல் கடந்து வந்து இம்மலையில் ஒட்டிக்கொண்டது. கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை தழைக்கத் தொடங்கிய காலத்தில், 1884ஆம் ஆண்டில், புகையிரதப் பாதை நாவலப்பிட்டியிலிருந்து இவ்விடம் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கவும், அரிசி மூட்டைகள் மலைக்கு ஏறவும் வழி பிறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1888இல், தோட்டத்துரைமாரின் வசதிக்காக இங்கே ஒரு வங்கி தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் கிளைபரப்பி நிற்கும் ஹட்டன் நஷனல் வங்கியின் மூலவேர் அதுவேயாகும். 1892இல் மெதடிஸ்த மிஷனரிமார் ஆரம்பித்த பாடசாலை, இப்பொழுது ஹைலண்ட்ஸ் கல்லூரி என்னும் பெயருடன் லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலரைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவருகிறது.

புகையிரதமும், வங்கியும், பாடசாலையும் எட்டு ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தமையால், ஒரு வண்டித்தரிப்பிடம் நகரமாயிற்று. ஆனால் மலைமுகடு நகரத்தை அகலமாக வளர விடவில்லை. பிரதான வீதியின் இருமருங்கும் கடைகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. வீதிக்குக் கீழே ஒரு பள்ளம், மேலே ஒரு மேடு, இரண்டிலும் வீடுகள். மாணிக்கப் பிள்ளையார் கோயில் மணியும், திருச்சிலுவைத் தேவாலயத்தின் மணியும், பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே பள்ளத்தாக்கில் எதிரொலிக்கக் கேட்கலாம்.

இந்நகரைப் பார்க்கச் சிறந்த நாள், தோட்டங்களிற் சம்பளம் கொடுக்கும் பத்தாந் தேதியை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமையாகும். புடைவைக் கடைகளிலும், நகை அடகு பிடிக்குமிடங்களிலும், கருவாட்டுக் கடைகளிலும் அன்று கூட்டம் அலைமோதும். டிசெம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரையுள்ள சிவனொளிபாதமலைக் காலத்திலோ, புகையிரத நிலையத்தில் இரவு பகல் என்ற பேதமே இருப்பதில்லை. வெள்ளுடை தரித்த யாத்திரிகர்கள் நள்ளிரவில் வந்திறங்கி, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ் ஏறுவார்கள்.

நகரின் ஓரங்களிலே வில்பிரட்புரம், ஆரியகம, டன்பார் முதலிய குடியிருப்புக்கள் பெருகியுள்ளன. தோட்டத்திலே பிறந்து ஆசிரியராகவோ, எழுதுவினைஞராகவோ, கடை முதலாளியாகவோ உயர்ந்தவர்கள் முதலில் நாடிவந்த இடங்கள் இவைபோன்ற நகர ஓரங்களே. ஆனால் நகரத்திலே நிலம் சிறிது, விலையோ பெரிது. எனவே, ஊர் தேடியவர்கள் எல்லாரும் நகரத்துக்கு வந்துவிட முடியவில்லை. ஊரே தோட்டத்தைத் தேடிச் செல்லவேண்டிய காலம் வந்தது.

நீரில் மூழ்கிய ஊர்

ஓர் ஊர் இடம்பெயர்ந்து மீண்டும் தழைக்க இயலுமா என்று ஐயுறுவோர் மஸ்கெலியாவுக்குப் போய்வரல் வேண்டும். 1960களின் பிற்பகுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, பழைய மஸ்கெலியா நகரம் முழுவதும் நீருக்குள் மறைந்தது. கடைவீதி, கோயில், விகாரை, பள்ளிவாசல் அனைத்தும் அமிழ்ந்தன. மக்கள் மேட்டு நிலத்திலே புதிய நகரம் கண்டனர். இன்று நாம் காணும் மஸ்கெலியா அதுதான்.

கடும் வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டிடங்களின் சுவர்களும் தூண்களும் சேற்றினின்று தலைகாட்டும். அப்பொழுது முதியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, "இதுதான் கோயில் வாசல், அதோ, அங்கேதான் கடைத்தெரு" என்று காட்டுவதுண்டு. கட்டிடம் அழிந்தும் நினைவு அழியவில்லை. நினைவு இருந்தமையாலேதான் புதிய இடத்திலும் ஊர் ஊராயிற்று. மேல்கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் பல நூறு குடும்பங்கள் இடம்பெயர்ந்து, புதிய வீடுகளிற் குடியேறிய நிகழ்ச்சியும் இவ்வகையினதே. அத்திட்டம் 2012இல் நிறைவெய்தியது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி

இனி, பெரும்பாலான மக்கள் எங்கிருந்து புறப்பட்டுப் புது வீட்டுக்கு வருகிறார்கள் என்பதைக் கவனிப்போம்.

லயம் என்பது நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதி. ஒவ்வொரு காம்பராவும் ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. சில லயங்களிலே முதுகோடு முதுகு ஒட்டியவாறு பின்புறமும் இன்னொரு வரிசை உண்டு. அவ்வாறான காம்பராக்களுக்குப் பின்புறச் சன்னல் இராது. சமையல், படிப்பு, உறக்கம், பிரசவம், பிணி யாவும் அந்தச் சிறிய சதுரத்துக்குள்ளேயே. தண்ணீருக்குப் பொதுப் பீலி; மலசலகூடத்துக்குத் தூரத்து வரிசை. கலியாணமாகிய மகனும் மருமகளும் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்கிக்கொள்வார்கள். மூன்றாவது மகனுக்குக் கலியாணம் என்றால், மிச்சமிருப்பது கூரைமட்டுமே!

இவ்வளவு நெருக்கடி இருந்தும், லயத்து வாழ்வில் ஒரு நன்மை இருந்ததை மறுத்தல் ஆகாது. ஒரு காம்பராவில் குழந்தை வீறிட்டு அழுதால் பன்னிரண்டு வீட்டாருக்கும் கேட்கும். பன்னிரண்டு வீட்டாரும் ஓடிவருவர். மரணவீட்டில் அடுப்பு மூட்டாத மூன்று நாளும் பக்கத்துக் காம்பராக்களிலிருந்து சோறு வரும். லயத்து முற்றத்திலேதான் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அர்ச்சுனன் தபசும் விடிய விடிய நடந்தன. இந்நன்மையைக் கைவிடாமல் அந்நெருக்கடியைக் கைவிடுவது எவ்வாறு என்பதே புதிய ஊர்களின் முன்னுள்ள பெரும் வினாவாகும்.

இத்தனை காலம் ஏன்?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம்மவர் பழமொழி. அவ்வாறிருக்க, இம்மக்களுக்குத் தனி வளை கிட்டுவதற்கு ஏன் இத்தனை காலம் சென்றது என்று மாணவர்கள் கேட்கக்கூடும்.

முதற் காரணம், குடியுரிமை. சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தினால், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்துவந்த தேர்தற் சட்டத்தினால் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி 1974இல் முடிவாயிற்று. நாடற்ற நிலையின் கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேதான் அவிழ்ந்தது. குடியுரிமை இல்லாதவருக்குக் காணி ஏது? நாட்டின் ஏனைய பாகங்களிலே அரசாங்கம் குடியேற்றத் திட்டங்கள் அமைத்து ஏக்கர் கணக்கில் நிலம் பகிர்ந்த காலமெல்லாம், மலையகத்தார் அந்த வரிசையில் நிற்கவே இயலாதிருந்தனர்.

இரண்டாவது காரணம், நிலத்தின் நிலைமை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. ஆகவே, ஒரு குடும்பத்துக்கு வீட்டுநிலம் கொடுப்பதாயின் அரசாங்கமும் கம்பனியும் இரண்டும் இணங்கவேண்டும். தேயிலைச் செடி நிற்கும் நிலத்தைக் கம்பனிகள் எளிதில் விடுவதில்லை. இதனால் சரிவான இடங்களும், கைவிடப்பட்ட மலைகளும் குடியிருப்புக்கு ஒதுக்கப்படும் அபாயமும் உண்டாயிற்று.

ஏழு பேர்ச்சஸ்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் தேதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அபாயம் உண்டென முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும், மாற்றிடம் இல்லாமையால் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர் என்பது பின்னர் வெளியாயிற்று. அத்துயரம் நாட்டின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பியது. லயத்தைப் பழுதுபார்ப்பது போதாது, பாதுகாப்பான நிலத்திலே தனித்தனி வீடுகள் வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்பது அளவுகோலாயிற்று.

இந்திய அரசாங்கத்தின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கிற்று. 2017 மே மாதம் 12ஆந் தேதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் அளிப்பதாக அறிவித்தார். அதே நாளில் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட ஆதார வைத்தியசாலையும் திறந்துவைக்கப்பட்டது. 2018 ஓகஸ்ட் மாதத்தில் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் கொண்ட மகாத்மா காந்திபுரம் மக்களிடம் கையளிக்கப்பட்டது. வாக்களிக்கப்பட்ட பதினாயிரம் வீடுகளின் வேலையோ மெதுவாகவே நகர்ந்து, 2024ஆம் ஆண்டிலேதான் தொடக்கம் கண்டது.

இவ்வீடுகள் ஒவ்வொன்றும் 550 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், குசினி, மலசலகூடம் ஆகியன அமைந்தவை. கணக்கிலே விருப்பமுள்ள மாணவர்கள் இதனைச் சிந்திக்கலாம். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,905 சதுர அடி. வீட்டைக் கழித்தால் 1,355 சதுர அடி எஞ்சும். பழைய காம்பரா 120 சதுர அடியே என்பதை நினைவுகூர்ந்தால், வீட்டைச் சுற்றியுள்ள வெறும் நிலமே பதினொரு காம்பராக்களுக்கு ஈடாவது விளங்கும்.

இத்தொகையைக் கண்டு மகிழும் அதே வேளையில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழராகப் பதிவானோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பதையும் மறத்தலாகாது. வீடு பெற்றவர் சிலர், காத்திருப்பவர் பலர்.

குடிபுகுந்த பின்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்பார்கள். கட்டிய வீட்டிலே வாழ்ந்து பார்ப்பதும் அவற்றுக்குச் சளைத்த காரியமன்று.

புது வீட்டிலே முதல் இரவு பலருக்கு உறக்கம் வருவதில்லையாம். சுவருக்கு அப்பாலிருந்து இருமல் ஒலி இல்லை. வானொலி ஒலி இல்லை. அடுத்த வீட்டுச் சண்டை இல்லை. நிசப்தமே அச்சமூட்டுகிறது. வேலைக்குச் செல்லும் தாய்க்கு வேறொரு கவலை. பழைய லயத்துக்கு அருகில் இருந்த பிள்ளைக்காம்பரா இப்பொழுது ஒரு மைல் தூரத்தில் இருக்கலாம். காலையிற் பிரட்டுக்களத்துக்கு முன்னரே குழந்தையைக் கொண்டுசென்று விடுவதற்கு அதிகாலை எழவேண்டும். தண்ணீர்க் குழாய் வந்துவிட்டதா, மின்சாரம் வந்துவிட்டதா, பாடசாலைப் பஸ் எவ்விடம் வரை வரும் என்பவையெல்லாம் வீட்டுத் திறப்பைப் பெற்ற மறுநாளே எழும் வினாக்கள்.

ஆயினும் குடும்பப் பெண்கள் இவ்விடத்தில் காட்டும் ஊக்கம் வியக்கத்தக்கது. முற்றத்திலே துளசியும் செவ்வந்தியும் நட்டு, வேலியோரம் சௌசௌ பந்தலிட்டு, குசினிக் கழிவுநீரைக் கீரைப்பாத்திக்கு விட்டு, சில மாதங்களுக்குள் நிலத்தின் முகத்தையே மாற்றிவிடுகின்றனர். மலையகத்தின் குளிருக்குக் கரட், பீற்றூட், கோவா, லீக்ஸ் நன்றாக வளரும். மரத்தக்காளியும் கொடித்தோடையும் அதிக உழைப்பின்றிப் பலன் தரும். தேயிலை மலையிலே பிறருக்காகக் கொழுந்து கொய்த கை, தன் வீட்டுப் பாத்தியிலே முதற் கீரையைக் கிள்ளும்போது கொள்ளும் மகிழ்ச்சிக்கு விலை மதிக்க முடியாது.

அயலவரோடு பழகுவதற்கும் புதிய வழிகள் வேண்டும். ஒரே லயத்தைச் சேர்ந்தோர் சிதறி, வேறு டிவிசன்காரரோடு கலந்து குடியேறியிருப்பர். "மேற்கணக்கு", "கீழ்க்கணக்கு" என்னும் பழைய பிரிவினைகள் இங்கே வேண்டா. ஓர் ஊர் தொடங்கும்போதே பொது நிலம் ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்வது முக்கியம். கோயில், வாசிகசாலை, விளையாட்டிடம், காமன் கூத்துக்கு ஒரு முற்றம் ஆகியவற்றுக்கு இடம் வைக்காமல் வீடுகளை மட்டும் நெருக்கிக் கட்டினால், லயத்தைத் துண்டு துண்டாக வெட்டி மலையிலே பரப்பியது போலாகிவிடும்.

மண்ணின் சொல் கேட்டல்

மலையிலே வீடு கட்டுவோர் மண்ணின் குறிப்பை அறிந்திருத்தல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மலைநாட்டிலே நிகழ்ந்த மண்சரிவுகள் இப்பாடத்தை மிகக் கொடிய முறையிற் புகட்டின.

புதிய குடியிருப்புக்குரிய நிலத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்து அனுமதி வழங்கும் ஏற்பாடு உண்டு. அந்த அனுமதிக் கடிதத்தை ஊர்மக்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பது தவறன்று, அவசியமுமாகும். குடியேறிய பின்னரும் கவனம் தேவை. வீட்டின் பின்புறத்து மேட்டை இன்னும் ஓர் அறைக்காகச் செங்குத்தாக வெட்டுதல், மழைநீர் ஓடும் கானைக் குப்பையால் அடைத்தல், சரிவிலுள்ள மரங்களைத் தறித்தல் ஆகிய மூன்றும் மலைக்குச் செய்யும் பெருங் கொடுமைகள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், கதவுகள் திடீரென இறுகிக்கொள்ளுதல், ஊற்றுநீர் சேறாகக் கலங்குதல் அல்லது புதிய ஊற்றுக் கிளம்புதல் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். இருபத்துநான்கு மணித்தியாலத்துள் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் அபாய இடத்தை விட்டு வெளியேறவேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மழைமானியை வைத்து மாணவர்களே அளந்து பலகையில் எழுதிவரின், அது பாடமுமாகும், ஊர்க்காவலுமாகும்.

கடிதம் வந்துசேரும் வாசல்

ஓர் ஊருக்கு உயிர்நாடியாவன இரண்டு பத்திரங்கள். ஒன்று காணி உறுதி, மற்றொன்று முகவரி.

லயத்துக்கு இலக்கம் உண்டு. ஆனால் வீதிப்பெயர் இல்லை. தபாற்காரர் பொதுவாகக் கடிதங்களைத் தோட்டத்துக் கந்தோரிலே கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து அவை எப்பொழுது உரியவர் கையைச் சேரும் என்பது யாருடைய நினைவையோ, நேரத்தையோ பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம், பரீட்சை நடந்து முடிந்த மறுவாரம் கிடைத்ததாகச் சொல்லும் இளைஞர்கள் மலையகத்தில் பலர். வங்கிக்கடன், நகரப் பாடசாலையில் அனுமதி, தொழில் விண்ணப்பம் எதுவாயினும் "நிரந்தர முகவரி" என்னும் கட்டத்தை நிரப்ப வேண்டும். பிறர் கந்தோரின் பெயரை அக்கட்டத்தில் எழுதும்போது பேனா சற்றுத் தயங்கத்தான் செய்யும்.

இதற்கு ஓரளவு வழி பிறந்துள்ளது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலே 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள்ளே சபைகள் பணிபுரிவதற்குத் தடையாக இருந்துவந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தின் பெரிய பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா முதலிய புதிய சபைகள் இயங்கத் தொடங்கின. புதிய கிராமங்களுக்கான அதிகார சபையொன்றை நிறுவும் சட்டமும் 2018இலேயே நிறைவேறியது. ஆகவே, வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் கேட்டு விண்ணப்பிக்க இப்பொழுது ஒரு வாசல் உண்டு. வீடு பெற்ற எல்லாக் குடும்பங்களுக்கும் முழுமையான உறுதி கிடைத்துவிடவில்லை. திறப்பைக் கையில் வாங்கிய மகிழ்ச்சியிலே உறுதியை மறந்துவிடலாகாது. அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் அமைதல் நன்று. கொழுந்து பறித்த பெண்ணின் உழைப்பினாலும் எழுந்த வீடல்லவா அது?

மாணவர்க்கு ஒரு வேலை

பாடசாலை விடுமுறையில் மாணவர்கள் செய்யத்தக்க இனிய வேலையொன்றைக் கூறி முடிக்கலாம். தாங்கள் வாழும் புதிய ஊரைக் காலாற நடந்து, ஒரு பெரிய தாளிலே அதன் படத்தை வரையுங்கள். வீடுகள், பீலிகள், கோயில், குறுக்குப் பாதைகள், மழைக்காலத்தில் நீர் பாயும் கான்கள், பெரிய மரங்கள் அனைத்தையும் குறியுங்கள். பின்னர் அதனை எடுத்துக்கொண்டு வயதில் மூத்தவர்களிடம் செல்லுங்கள். "இந்த மேட்டுக்கு என்ன பெயர்? இந்த ஓடைக்கு முன்பு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள்.

துரைமார் எழுதிய தோட்டப் பதிவேடுகளிலே இல்லாத பெயர்கள் அவர்கள் வாயிலிருந்து வரும். டல்ஹௌசி என்று வரைபடத்தில் எழுதப்பட்ட இடத்தை நம் மக்கள் நல்லதண்ணி என்றே அழைத்துவந்தனர்; இன்று பஸ் வண்டியின் பலகையிலும் அப்பெயரைக் காண்கிறோம். அதுபோல, ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு வளைவுக்கும், பாறைக்கும் தேயிலைத் தொழிலாளர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அப்பெயர்களைப் படத்தில் எழுதி, அப்படத்தைப் பிரதேச சபைக்கும் தபாற்கந்தோருக்கும் அனுப்புங்கள். வீதிகளுக்குப் பெயர் சூட்டும் நாள் வரும்போது, பெயரைத் தேடி எவரும் வெளியே போகவேண்டியிராது.

மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து இருநூறாண்டு நிறைவெய்தியதை 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தனர். அந்த நீண்ட நடையின் அடுத்த கட்டம், வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறது. "உங்கள் ஊர் எது?" என்று இனி ஒருவர் கேட்கும்போது, மலையகத்துப் பிள்ளை வீதியின் பெயரையும், வீட்டு இலக்கத்தையும் சேர்த்தே சொல்லட்டும்.